மூங்கிற் சிறையில் ஒரு மற்போர்

தொலைக்காட்சியில் காட்டப்பெறும் மற்போரைக் குறித்துத் தலைமையாசிரியராயிருந்த ஒருவன் பேசுவதா என்று உங்களுள் சிலர் நகைக்கலாம். சிலமலையில் என் மாணாக்கர் அதனைக் கண்டுவிட்டு வகுப்பறைப் பெஞ்சுகளின் மேலிருந்து பாயத் தொடங்கினர். ஆகவே நானும் அதனைக் காண நேர்ந்தது.

நான் கண்டது, 2007 அக்டோபர் 7ஆம் நாள் அமெரிக்காவில் சிகாகோ நகரையடுத்து நடந்த போட்டி. ஒருபுறம் 'தி கிரேட் காளி' என்னும் பெயர் பூண்ட தலீப் சிங் ராணா. இமாசலப் பிரதேசத்தில் பிறந்து, பஞ்சாப் காவல்துறையில் பணியாற்றிய, ஏழடி உயர மனிதர். மறுபுறம், முந்திய மாதம் அவரிடமிருந்து பட்டத்தைப் பறித்த பட்டிஸ்டா. களத்தைச் சுற்றி நாற்கோண மூங்கிற்கூடு. அதனை வளைத்து அதனினும் உயர்ந்த எண்கோணக் கூடு. உட்கூட்டின் நான்கு கதவுகளும் ஒவ்வொரு முறையே, அறுபது வினாடி மட்டுமே திறக்கும். வெளிக்கூட்டிற்குக் கதவே இல்லை, ஏறித்தான் கடக்கவேண்டும். முதலில் வெளியே தரையைத் தொடுபவர் வென்றவர்.

இதன் முடிவு முன்னரே வகுக்கப்பட்டது. ஆதலின் விளையாட்டாக அன்று, கூத்தாகவே இதனை மதிப்பிடுகிறேன். காளியின் அசைவு மிக மெதுவானது, நடுப்பகுதி சலிப்பூட்டிற்று. ஆயினும் பட்டிஸ்டா உட்கூட்டின் உச்சியினின்று வெளிக்கூட்டிற்குத் தாவிப் பற்றினாரே, அக்கணம் நானும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். முடிவை எழுதி வைக்கலாம். அந்த இடைவெளியை உடல்தானே கடக்கவேண்டும்!

என் மனத்தை உறுத்தியது வேறு. அக்கூட்டிற்கு அவர்கள் இட்ட பெயர் 'பஞ்சாபிச் சிறை'. பஞ்சாபில் அத்தகைய சிறை எங்கே இருக்கிறது? இந்தியன் என்றால் முரட்டுக் கூண்டிற்கு உரியவன் என்று காட்டும் புனைவு அது. 2017இல், கனடாவில் பிறந்த ஜிந்தர் மகாலையும் இதே கூட்டிற்குள் நிறுத்தினர். என் மாணாக்கர் காளியின் உயரத்தைக் கொண்டாடினர். பெயரைப் பற்றி எவரும் வினவவில்லை.

எங்கள் ஏலமலைச் சரிவுகளில் மிளகு பறிப்போர் ஒற்றை மூங்கிலையே ஏணியாக மரத்திற் சார்த்தி ஏறுகின்றனர். அங்கே ஒத்திகை கிடையாது. கீழே மெத்தையும் கிடையாது. பெஞ்சிலிருந்து பாய்ந்து கணுக்கால் பிசகிய சிறுவன் ஒருவனை நான் விசாரித்தேன்.

"பட்டிஸ்டா மாதிரி தாவினேன், ஐயா" என்றான்.

அவன் தந்தை மிளகு பறிப்பவர். அவர் மூங்கில் ஏறுவதைப் பார்த்ததுண்டா என்று கேட்டேன். இல்லை என்றான்.