சான்று கேட்ட தீவு



1939-ல் இலங்கை அரசு தன் இலாகாக்களிலிருந்த இந்திய தினக்கூலிகளை நீக்கத் தீர்மானித்தது. உள்ளூராருக்கு வேலை வேண்டும் என்றார்கள். அந்தக் கோரிக்கையை நாம் பழிக்கவில்லை. ஆனால் 1948-ன் குடியுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவரிடமும் தகப்பன், பாட்டன் வழிச் சான்று கேட்டது. லட்சக்கணக்கானோர் நாடற்றவரானார்கள். 1964-ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் பங்கு என்று எழுதியது. அந்த மக்களை யார் கேட்டார்கள்?

நாம் கடல் தாண்டவில்லை. வாளையாறும் போடிமெட்டும் தாண்டி வந்த இந்தியக் குடிமக்கள். ஆயினும் மூணாற்றில் சாதிச் சான்றிதழுக்கு 1950-க்கு முந்திய குடியிருப்பு ஆதாரம் கேட்கிறார்கள். லயத்து வீடோ கம்பெனியுடையது, பட்டா ஏது?

பாட்டன் பெயருள்ள பழைய காகிதம் எதையும் அடுப்பில் போடாதீர்கள். சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். குடும்பம் குடும்பமாகப் பட்டியல் எழுதுவோம்; கூடியே கேட்போம்.