23 கோடி டாலர் சிரிப்பு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சினிமா பற்றி ஒரு கால் மணி நேரம் பேச வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். "நான் இன்ஜினியராச்சே சார்" என்றேன். "கதை சொல்ல நிறைய பேர் இருக்காங்க. நீங்க கணக்கு சொல்லுங்க" என்றார். அதனால் ஒரு படத்தின் வசூல் கணக்கோடு வந்திருக்கிறேன்.

ராபர்ட்டோ பெனினி இயக்கி நடித்த இத்தாலியப் படம் அது. 1997 டிசம்பரில் இத்தாலியில் வெளியானது. உலகம் அதை 'லைஃப் இஸ் பியூட்டிஃபுல்' என்ற ஆங்கிலப் பெயரில்தான் அதிகம் அறியும். வாழ்க்கை அழகானது என்று பொருள்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1939-ல் அரெஸ்ஸோ என்ற ஊருக்கு வருகிறான் குவிடோ என்ற யூத இளைஞன். ஹோட்டலில் சர்வர் வேலை பார்க்கிறான். வேறொருவருக்கு நிச்சயமான டோரா என்ற ஆசிரியையைக் காதலித்து, அவளுடைய நிச்சயதார்த்த விருந்திலிருந்தே குதிரையில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறான். முதல் பாதி முழுக்கக் காதலும் சிரிப்பும்தான். இரண்டாம் பாதியில் அதே குடும்பம் நாஜி வதைமுகாமில் இருக்கிறது. டோரா யூதப் பெண் இல்லை. இருந்தும் கணவனும் மகனும் போகிற ரயிலில் தானே கேட்டு ஏறிக்கொள்கிறாள். முகாமில் குவிடோ தன் சின்ன மகனிடம், "இது ஒரு விளையாட்டு. ஆயிரம் புள்ளி எடுத்தா நிஜ டாங்கி பரிசு" என்று சொல்லி அவனைக் காப்பாற்றப் பார்க்கிறான்.

இப்படி ஒரு கதையை எந்தத் தயாரிப்பாளரிடமாவது சொல்லிப் பாருங்கள். வதைமுகாமை வைத்துக் காமெடியா என்றுதான் கேட்பார். அதுவும் ஆங்கிலத்தில் இல்லை, இத்தாலிய மொழியில். ஆனால் சுமார் 2 கோடி டாலரில் எடுத்த இந்தப் படம் உலகம் முழுவதும் ஏறத்தாழ 23 கோடி டாலர் வசூல் செய்தது.

மொத்தத் தொகையைக் கேட்டதும் கைதட்டிவிட்டுப் போவது நம் வழக்கமில்லையே. பிரித்துப் பார்ப்போம். இத்தாலியில் சுமார் 4.87 கோடி டாலர். அமெரிக்கா, கனடாவில் 5.76 கோடி. மற்ற நாடுகள் அனைத்திலும் சேர்த்து 12.38 கோடி. அதாவது நூற்றுக்கு 79 பங்கு சொந்த நாட்டுக்கு வெளியே வந்தது. அமெரிக்கப் பங்கு கால்வாசி. பாதிக்கும் மேல் இந்த இரண்டையும் விட்ட மற்ற நாடுகளுடையது. ஆஸ்கார் கொடுத்ததால்தான் ஓடியது என்று சுலபமாகச் சொல்லிவிடுவோம். இத்தாலியில் ஓடி ஓராண்டுக்கு மேல் ஆன பிறகுதான் ஆஸ்காரே வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆஸ்காருக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. 1998 மே மாதம் கான் விழாவில் இரண்டாவது பெரிய பரிசு. அக்டோபரில் மிராமாக்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில தியேட்டர்களில் மட்டும் வெளியிட்டது. பார்த்தவர்கள் மற்றவர்களிடம் சொல்லச் சொல்ல, தியேட்டர்களும் கூடின. பெனினியும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1999 பிப்ரவரியில் 7 பரிந்துரைகள், மார்ச் 21-ல் 3 ஆஸ்கார்கள். சோஃபியா லாரன் பெயரைப் படித்ததும் பெனினி நாற்காலிகளின் முதுகில் ஏறி நின்ற காட்சியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஆயிரம் தியேட்டர்களுக்கு மேல் படம் போனது அந்தச் சமயத்தில்தான். கதவைத் தட்டியது விளம்பரம், திறந்துவிட்டது பரிசு. உள்ளே உட்கார வைத்தது படம்தான்.

அன்று அமெரிக்காவில் ஒரு டிக்கெட்டின் சராசரி விலை ஏறக்குறைய 5 டாலர். அப்படியானால் ஒரு கோடிக்கும் அதிகமான டிக்கெட்டுகள். சப்டைட்டில் படிக்கவே மாட்டார்கள் என்று பெயரெடுத்த ஊரில்! 2000-ல் வந்த 'கிரவுச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்' முந்தும் வரை, அங்கே அதிகம் வசூலித்த வேற்றுமொழிப் படம் இதுதான்.

மாணவர்கள் கவனிக்க வேண்டியது இனிமேல்தான். மொழிதான் தடை என்று நினைத்து, 1999 ஆகஸ்டில் ஆங்கில டப்பிங்கோடு மறுபடி வெளியிட்டார்கள். எடுபடவில்லை. பார்க்க வேண்டியவர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள் என்பது ஒரு காரணம். இன்னொன்றையும் நான் சேர்த்துக்கொள்வேன். முகாமில் ஜெர்மன் அதிகாரி உறுமலாக விதிகளைச் சொல்ல, ஜெர்மன் தெரியாத குவிடோ விளையாட்டு விதிகளாக அதை "மொழிபெயர்க்கும்" காட்சி இருக்கிறதே, அதில் பாதி நடிப்பு பெனினியின் குரல். அதை எடுத்துவிட்டு வேறு குரலைப் பொருத்தினால் பாகம் மாறிய இயந்திரம் மாதிரிதான். 2002-ல் பெனினி எடுத்த 'பினோக்கியோ' அப்போது இத்தாலியிலேயே அதிகச் செலவில் தயாரான படம். அமெரிக்காவில் ஆங்கிலக் குரலோடுதான் வந்தது. சுமார் 37 லட்சம் டாலரோடு நின்றுவிட்டது. அதே மனிதர், அதே ஆஸ்கார் புகழ்!

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 23-லிருந்து 2-ஐக் கழித்தால் 21 கோடி லாபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வசூல் என்பது டிக்கெட் பணம். தியேட்டர் பங்கு, விநியோகஸ்தர் பங்கு, பிரிண்ட், விளம்பரம் எல்லாம் போகத்தான் மிச்சம்.

கடைசியாக, எண் சொல்லாத விஷயம். 'நியூயார்க்கர்' இதழில் டேவிட் டென்பி போன்ற விமர்சகர்கள் இந்தப் படத்தைக் கடுமையாகச் சாடினார்கள். லட்சக்கணக்கில் உயிர் போன இடத்தைச் சிரிப்பால் மூடுவது சரியா என்பது அவர்கள் கேள்வி. ஜெருசலேம் திரைப்பட விழாவோ பரிசு கொடுத்தது. 23 கோடி டாலர் என்பது டென்பிக்குப் பதில் ஆகாது. கோடிப் பேர் பார்த்ததாலேயே ஒன்று சரியாகிவிடுமா? என் பதிலை நான் வேறு இடத்திலிருந்து எடுத்துக்கொள்கிறேன். பெனினியின் தந்தை போரின்போது இரண்டு ஆண்டுகள் ஜெர்மானிய முகாமில் கைதியாக இருந்தவர். பிள்ளைகள் பயந்துவிடக் கூடாது என்று அந்தக் கதைகளைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வாராம். பட்டவரே தேர்ந்தெடுத்த சிரிப்பு அது. அதைக் கேலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கு வேறு கருத்து இருந்தால், சாப்பாட்டு இடைவேளையில் பேசுவோம்.

தம்பி, தங்கைகளே! நாளை உங்கள் மேஜைக்கும் பெரிய பெரிய எண்கள் வரும். இந்த எண் எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்று இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தக் கல்லூரி ஆய்வகத்தில் அளவெடுக்கும்போது நமக்குச் சொல்லிக் கொடுத்ததும் அதைத்தானே!