சம்பவ இடமும் குற்றக்களமும்



‘கிரைம் சீன்’ என்பது செய்தித்தாள்களால் நன்கு பழகிப்போன தொடர். இதனைக் ‘குற்றக் காட்சி’ எனப் பெயர்ப்பது பொருந்தாது. காட்சி என்பது கண்ணுக்குப் புலனாவது. இத்தொடர் சுட்டுவதோ ஓர் இடத்தை. ‘சீன்’ என்பதன் வேர், கூடாரத்தைக் குறித்த கிரேக்கச் சொல். அது நாடக அரங்கின் பின்னணிக் கட்டடத்தைக் குறித்து, பின்னர் காட்சிக்கும், நிகழ்ச்சி நடந்த இடத்துக்கும் ஆகிவந்தது.

தமிழகக் காவல் நிலையங்களிலும் நீதிமன்றங்களிலும் நெடுங்காலமாக வழங்குவது ‘சம்பவ இடம்’. புலனாய்வு அலுவலர் அங்குச் சென்று, சாட்சிகள் முன்னிலையில் பார்வை மகசர் எழுதுகிறார். மாதிரி வரைபடம் தயாரிக்கிறார். ஓரிடத்துக்கு வருபவர் எதையேனும் விட்டுச் செல்கிறார், எதையேனும் எடுத்தும் செல்கிறார் என்பது, 1910இல் பிரான்சின் லியோன் நகரில் காவல்துறை ஆய்வுக்கூடம் நிறுவிய எட்மண்ட் லொக்காரின் கொள்கை. வேடிக்கை பார்ப்பவரின் காலடியும் தடயத்தைக் குலைக்கும் என்பதாலேயே அவ்விடம் அடைத்துக் காக்கப்படுகிறது.

1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 157ஆம் பிரிவில், அலுவலர் செல்ல வேண்டிய ‘இடம்’ என்று மட்டுமே கூறிற்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176ஆம் பிரிவோ, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் செல்லவேண்டிய இடத்தைக் ‘கிரைம் சீன்’ என்றே ஆங்கிலத்தில் குறிக்கிறது.

இங்கேதான் சொல்லின் பொறுப்பு தொடங்குகிறது. ‘சம்பவம்’ என்பது நடந்ததைச் சொல்வது. ‘குற்றம்’ என்பது தீர்ப்பைச் சொல்வது. ஒரு வீட்டில் ஒருவர் இறந்து கிடக்கிறார். அது விபத்தாகலாம், நோயாகலாம், கொலையுமாகலாம். முதல் நாளே அவ்வீட்டைக் குற்றக்களம் என்று எழுதிவிட்டால், உள்ளே அழுதுகொண்டிருப்பவர்கள் விசாரணைக்கு முன்பே குற்றவாளிகளாகின்றனர்.

சிலப்பதிகாரம் இதனை என்றோ உணர்த்திவிட்டது. கொலைக்களக் காதையில் பாண்டியனின் ஏவலர் கண்ணுக்கு அது கள்வன் தண்டனை பெற்ற இடம். சிலம்பின் உள்ளே இருப்பது முத்தா, மாணிக்கமா என்று அன்று எவரும் பார்க்கவில்லை. கண்ணகி சிலம்பை உடைத்தபின் இடம் மாறவில்லை. அதன் பெயர் மாறிற்று. தண்டனை நிகழ்ந்த இடமே குற்றம் நிகழ்ந்த இடமாயிற்று. குற்றவாளி அரசனே ஆனான்.

ஆராயாமல் சூட்டிய பெயர் ஓர் உயிரைக் கொண்டது. ஆதலின் ஆய்வு முடியும்வரை ‘சம்பவ இடம்’ அல்லது ‘நிகழ்விடம்’ என்பதே நேர்மையான வழக்கு. குற்றம் மெய்ப்பட்ட பின்னர் ‘குற்றக்களம்’ என்க. சொல்லை ஆள்வோர் தீர்ப்புக்குக் காத்திருக்கவும் கற்றல் வேண்டும்.