குடியும் குடும்பமும்: ‘ரத்தக் கண்ணீர்’ தரும் பாடம்

(பொம்மிடி வட்டாரத் தம்பதியருக்கு ஆற்றிய உரை)



இன்றைக்கு உங்களுக்கு ஒரு சினிமாக் கதை சொல்லப் போகிறேன். பலருக்கும் தெரிஞ்ச கதைதான். 1954-ஆம் ஆண்டு வந்த ‘ரத்தக் கண்ணீர்’. திருவாரூர் தங்கராசு எழுதிய நாடகம் அது. எம். ஆர். ராதா மேடையில் நடித்துப் பேர் வாங்கிய பிறகு, கிருஷ்ணன் – பஞ்சு இயக்கத்தில் படமாயிற்று.

சீமையில் படித்துத் திரும்பிய மோகன், கட்டிய மனைவி சந்திராவை ஒதுக்குகிறான். பெற்ற தாயை மதிப்பதில்லை. குடியும் காந்தாவின் வீடுமே கதி என்று கிடக்கிறான். சொத்து கரைகிறது. தொழுநோய் வருகிறது. காந்தாவே அவனை விரட்டிவிடுகிறாள். கடைசியில் தெருவில் பிச்சைக்கு நிற்கிறான். தன்னைப் பார்த்து மற்றவர்கள் திருந்தட்டும் என்று, நோயுற்ற தன் உருவத்தையே சிலையாக வைக்கச் சொல்லிவிட்டுச் சாகிறான்.

மோகன் தன் தவறைத் தானே ஒப்புக்கொள்கிறான். அதை நாம் பாராட்ட வேண்டும். ஆனால் ஒப்புக்கொண்டபோது காலம் கடந்துவிட்டது.

சுகாதாரத் துறை ஒரு விஷயத்தைத் திருத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தொழுநோய் பாவத்தின் சம்பளம் அல்ல. அது ஒரு கிருமியால் வருவது. கூட்டு மருந்தை 6 மாதமோ 12 மாதமோ விடாமல் சாப்பிட்டால் குணமாகும். மருந்து இலவசம். உடம்பில் நிறம் மங்கின, உணர்ச்சி இல்லாத தேமல் இருந்தால் மறைக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

குடிக்கு அடிமையாவதும் ஒரு நோய்தான். நாள்தோறும் குடித்தால் மூளை அதுக்குப் பழகிப்போகுது. காலையில் கை நடுங்குது, தூக்கம் வரமாட்டேங்குது. கோயிலில் சத்தியம் பண்ணினவரும் மறுவாரம் கடைக்குப் போவது இதனால்தான்.

“நோய்னு சொல்லிட்டீங்க, அப்ப என் மேல தப்பில்லையே?” என்று கேட்கலாம். சர்க்கரை நோய் வந்தவர் வேளைக்கு மாத்திரை போட்டுக்கொள்வது யார் பொறுப்பு? அதேபோல் சிகிச்சைக்கு வருவது உங்கள் பொறுப்பு.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்க முடியாது. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. தருமபுரி தனி மாவட்டமானது 1965-இல். அதுவரை நம் பொம்மிடியும் சேலம் மாவட்டம்தான். 1971-இல் அந்த விலக்கு தளர்த்தப்பட்டது. பிறகும் கடைகள் மூடின, திறந்தன. நம் வீட்டுக் காரியத்தை நாம்தான் பார்க்க வேண்டும்.

கணவன்மார்களே! “என்னால தனியா விட முடியல, கூட வா” என்று மனைவியிடம் சொல்லுங்கள். அதில் கேவலம் இல்லை. ஆனால் தினமும் அதிகம் குடிப்பவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தக் கூடாது. இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் மேற்பார்வையில் நிறுத்துங்கள்.

தாய்மார்களே! அவர் குடிப்பது உங்கள் குற்றம் அல்ல. யாரோ சொன்னார்கள் என்று குழம்பிலோ காப்பியிலோ தெரியாமல் மாத்திரை கலக்காதீர்கள். அதற்கு மேல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி உயிர் போகக்கூடும். அடி உதையைப் பொறுத்துக்கொண்டு இருக்கவும் வேண்டாம், 181-க்குப் பேசுங்கள்.

எங்கே போவது? முதலில் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கிருந்து தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. போனில் ஆலோசனை கேட்க 104 அல்லது 14416. ஒரு தடவை விட்டு மறுபடி தொட்டுவிட்டாலும் மனம் தளராமல் திரும்ப வாருங்கள்.

மோகன் எல்லாம் போன பிறகுதான் யோசித்தான். நீங்கள் இன்று இரவு பிள்ளைகள் தூங்கினதும், இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள். நாளைக் காலையில் சேர்ந்தே வாருங்கள்.