ஜீப்பும் பணியிடமே



பொழுது புலருமுன் கம்பத்திலும் தேவாரத்திலும் போடியிலும் ஜீப்புகளில் நெருக்கியடித்து அமர்ந்து, மெட்டுகளைக் கடந்து இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் பெண்களில், இன்று பட்டம் பெறும் உங்களுட் சிலருடைய அன்னையரும் இருப்பர். அவர்கள் வீட்டில் வாய்விட்டுச் சொல்லாத அவமானங்களை இந்த மங்கள சபையில் பிரஸ்தாபிப்பது தகுமோ என்று சிலர் கருதலாம். உத்தியோகத்தில் பிரவேசிக்கப்போகும் உங்களிடமே இதைச் சொல்லியாக வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

ராஜஸ்தானில் பால்ய விவாகத்தைத் தடுக்க முயன்ற பன்வாரி தேவி என்னும் கிராம ஊழியர் 1992-ல் பலாத்காரத்துக்கு உள்ளானதை முன்னிட்டு எழுந்த விசாகா வழக்கில், 1997-ல் உச்ச நீதிமன்றம் பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்க நெறிமுறைகளை விதித்தது. சட்டம் பிறக்கவோ 2013 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில், புகாரை விசாரிக்கப் பெண் ஒருவர் தலைமையில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதனினும் சிறிய இடங்களுக்கும் வீட்டு வேலை செய்வோருக்கும் மாவட்டத்தின் உள்ளூர்க் குழு உண்டு. முதலாளி ஏற்பாடு செய்யும் வாகனமும் பணியிடமே என்கிறது சட்டம். ஆகவே தோட்டத்தார் அனுப்பும் ஜீப்பில் நேரும் தொல்லையும் சட்டத்துக்கு உட்பட்டதே. மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். எழுத இயலாதவளுக்கு எழுத உதவுவது குழுவின் கடமை.

இத்தனை இருந்தும், நம் அண்டை மாவட்டமான திண்டுக்கல்லில், நாச்சி அப்பேரல் என்னும் ஆடை ஆலையில் உழைத்த ஓர் இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொலையுண்டாள். அதற்காகக் கைதானவர் அவளுடைய மேற்பார்வையாளரே. அந்தத் துக்கத்தில் ஒடுங்கிவிடாமல், பெண்களே தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாது போராடி, ஆலையை நடத்திய ஈஸ்ட்மேன் நிறுவனத்தோடு 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டது. அங்கே தைத்த ஆடைகளை வாங்கிய எச் அண்டு எம் நிறுவனமும் அதற்குக் கட்டுப்பட்டது. ஒப்பந்தத்தின் உயிர்நாடி, தையல் இயந்திரங்களுக்கு நடுவே வேலை செய்யும் தொழிலாளிப் பெண்களே கண்காணிப்போராகப் பயிற்சி பெற்றதுதான். சட்டம் பாதிக்கப்பட்டவள் பேசும்வரை காத்திருக்கிறது. சங்கமோ அவள் பேசுவதற்கு அருகிலேயே ஒருத்தியை வைத்தது. சுவரில் ஒட்டப்பட்ட உள்ளகக் குழுவின் பெயர்ப் பட்டியலைவிட இந்த ஏற்பாட்டையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

நாளை நீங்கள் ஆண்டிபட்டியின் நூற்பாலையிலோ, வங்கியிலோ, ஏலக்காய் வியாபார ஸ்தாபனத்திலோ அதிகாரிகளாக அமர்வீர்கள். சேர்ந்த முதல் வாரமே உள்ளகக் குழுவில் இருப்பவர் யாவர் என்று கேளுங்கள். குழு இல்லையென்றால் அமைக்கும்படி எழுத்து மூலம் கேளுங்கள். எழுதத் தெரியாத ஒருத்தி உங்களிடம் வந்தால், அவள் சொல்வதை அவளுடைய வார்த்தைகளிலேயே எழுதிக் கொடுங்கள்.