நம் பெயரில் உள்ளதை நாமே எழுதிவைப்போம்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியான மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



விழா நாளில் மரணசாசனம் பற்றிப் பேசுவதை அபசகுனமாக எண்ண வேண்டாம். மருத்துவர்களாகிய நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. நினைவு மங்கிவரும் தாயின் கட்டிலருகே பிள்ளைகள் கடதாசியோடு நிற்பார்கள். "டொக்டர், அம்மாவுக்கு எல்லாம் விளங்குதெண்டு ஒரு கடிதம் தாங்கோ" என்று கேட்பார்கள். விளங்காதவருக்கு விளங்குகிறது என்று நாம் எழுத முடியாது. தெளிந்த புத்தியின்றி வைக்கும் கைநாட்டு சட்டத்திலும் நிற்காது. அதன்பின் ஒரு வயிற்றுச் சகோதரங்கள் நீதிமன்ற வாசலில் நிற்பார்கள். ஆகவே சுகமாக இருக்கும்போதே எழுத வேண்டும்.

புதுக்குடியிருப்பில் இதன் அவசியம் இன்னும் அதிகம். 2009 இல் உறுதிகளையும் விட்டுவிட்டு ஓடினோம். உரித்தாளர் சிலர் இறந்தார்கள், சிலர் காணாமல் ஆக்கப்பட்டார்கள், சிலர் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். தொலைந்த உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் தேடி எடுக்கலாம். இறந்தவரின் விருப்பத்தை எந்தப் பதிவகத்தில் தேடுவது?

நம் பெண்கள் பலர் அறியாத ஒன்றைச் சொல்கிறோம். தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சொந்தக் காணியை விற்கவோ நன்கொடையாகக் கொடுக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். ஆனால் அதே காணியை மரணசாசனத்தில் எழுத எவர் சம்மதமும் தேவையில்லை. 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமே அந்த உரிமையைத் தந்திருக்கிறது. தேடியதேட்டத்தில் நம் பங்கை மட்டுமே எழுதலாம்.

எழுதும் முறையும் கடினமன்று. நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு ஒப்பமிடலாம். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் வேண்டும். பயன் பெறுபவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றலாம். எழுதிய பின் திருமணம் செய்தால் பழைய சாசனம் செல்லாது. புதிதாக எழுத வேண்டும்.

அனுமதிப்பத்திரக் காணி வேறு. அதை உறுதிக்காணிபோல் நினைத்துவிடக் கூடாது. பிரதேச செயலகத்தில் பின்னுரித்தாளரை நியமித்து, நாம் இருக்கும்போதே பதிவுசெய்ய வேண்டும். வெளிநாட்டில் வாழும் அக்காமார் இன்னொன்றையும் கவனியுங்கள்: காணி எந்த நாட்டில் உள்ளதோ அந்த நாட்டின் சட்டமே அதை ஆளும். அங்கே எழுதிய சாசனத்தை இங்குள்ள சட்டத்தரணி ஒருவரிடமும் காட்டுங்கள்.

இனி, தருமம். சென்னைப் பச்சையப்ப முதலியார் 1794 இல் இறக்குமுன் தம் செல்வத்தைக் கோயில் அறப்பணிகளுக்கு எழுதிவைத்தார். அந்தப் பணம் நெடுங்காலம் வழக்குகளில் முடங்கியது. இறுதியில் நீதிமன்றம் வகுத்த திட்டப்படி, மிஞ்சிய தொகையைக் கொண்டு 1842 இல் ஒரு பாடசாலை தொடங்கியது. அதுவே பச்சையப்பன் கல்லூரியாக வளர்ந்தது. ஒருவர் எழுதிய சாசனம் தலைமுறைகளைப் படிப்பிக்கும். அதை நிறைவேற்றச் சரியான ஆள் அமையாவிட்டால் அரை நூற்றாண்டு வீணாகும். இரண்டு பாடமும் நமக்கு வேண்டும்.

எனவே, கொடுக்க நினைப்பவர்கள் நம்பிக்கையான ஒரு நிறைவேற்றுநரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். "பள்ளிக்கூடத்துக்கு" என்று பொதுவாக எழுதாமல், பெறும் சங்கத்தின் முழுப்பெயரையும் முகவரியையும் எழுதுங்கள். அந்தச் சங்கம் இல்லாமற் போனால் யாருக்கு என்றும் எழுதுங்கள். எதற்காக என்பதை ஒரு வரியில் சொல்லுங்கள்: தகப்பனில்லாத பிள்ளையின் உயர்தரப் படிப்புக்கு, ஆய்வுகூடத்துக்கு, ஊர் ஆஸ்பத்திரிக்கு.

பிள்ளைகளின் பங்கை யாரும் பறிக்கச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு எழுதிய பின், நூற்றில் ஐந்து பங்கு போதும். ஒரு சோடிக் காப்பாகவும் இருக்கலாம். வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லிவைத்த கொடைக்கு வழக்கு வருவது குறைவு.

நமக்கு எழுதப் படிப்பித்தது இந்தப் பாடசாலை. அந்த எழுத்தால் இந்த ஒரு தாளையும் எழுதிவைப்போம்.