அங்கே நிற்கிறோம், இங்கேயும் நிற்போம்

 

நம் குடும்பங்களில் பலர் துபாயிலும் சார்ஜாவிலும் வண்டி ஓட்டுகிறார்கள். அங்கே பள்ளி பஸ் நின்று 'ஸ்டாப்' பலகை விரிந்தால் ஐந்து மீட்டராவது தள்ளி நின்றாக வேண்டும். மீறினால் 1,000 திர்ஹம் அபராதம், 10 கரும்புள்ளி. அங்கே பொறுமையாக நிற்கும் நாம், லீவில் ஊருக்கு வந்ததும் பிள்ளைகள் இறங்கும் பஸ்ஸுக்குப் பின்னால் ஹார்ன் அடிக்கிறோமே, ஏன்?

2012 ஜூலையில் சென்னை தாம்பரம் அருகே, பள்ளி பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி விழுந்து இறந்தாள். உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. அந்த ஆண்டே தமிழகத்தில் பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. பஸ்ஸில் உதவியாளர், முதலுதவிப் பெட்டி, அவசர வழி இருக்கின்றனவா என்று பள்ளியில் கேட்போம். கேட்பது நம் உரிமை.

அடுத்து ஆம்புலன்ஸ். 2019இல் தென்காசி தனி மாவட்டமானது. ஆனாலும் ஆபத்தான நிலையில் இருப்பவரைப் பல நேரம் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கே கொண்டு போகிறோம். பாவூர்சத்திரம், ஆலங்குளம் தாண்டி நெடுந்தூரம். சாரல் சீசனில் குற்றாலம் போகும் வண்டிகளும் சேர்ந்தால் ஒவ்வொரு நிமிடமும் கனம். சைரன் கேட்டதும் இடது ஓரம் ஒதுங்குவோம். அதன் பின்னாலேயே ஒட்டிப் போக வேண்டாம். வழி விடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஜும்ஆ நேரத்தில் தெருவை அடைத்து வண்டி நிறுத்தினாலும் ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியாது.

கடைசியாக வேகம். அதிவேகத்துக்குக் காருக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம். பெரிய விஷயம் வேறு. 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளி ஆவார்: 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. வண்டியின் பதிவும் 12 மாதம் ரத்தாகும். வாப்பா வெளிநாட்டில், வண்டி உம்மா பேரில் என்றால், வழக்கு யார் மேல் வரும்? யோசித்துப் பாருங்கள்.

இன்றைக்கே சாவியைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைப்போம். சாலையில் போகும் உயிர்கள் நம் கையில் உள்ள அமானிதம்.